பாதி வாரிய கூரை

என் வீட்டுக்காரர் செய்கிச்சி, எழுபத்தொரு வயதில் ஒரு நாள் காலை, பதினோரு வருடமாக முகம் பார்க்காத மனிதரின் வீட்டுக் கூரையில் ஏறி இரண்டு மணி நேரம் பனி வாரிக் கொட்டினார். சமாதானத்துக்குப் போனார் என்று யாரும் நல்லவிதமாக நினைத்துவிட வேண்டாம். தன் வீடு என்று நினைத்துத்தான் வாரினார்.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சொந்த வீடுகூடவா தெரியாது என்கிறார்கள். வந்து பார்த்தால் தெரியும். மூன்று நாள் விடாமல் கொட்டினால் எங்கள் நிரேசாவாவில் வீடு என்று எதுவும் இருக்காது, ஏழு வெள்ளை மேடுதான் இருக்கும். கீழ்த்தளம் புதைந்துபோய் மாடி ஜன்னல்தான் வாசலாகும். எந்த மேடு யாருடையது என்று அடையாளம் தெரிவதற்காக, பனிக்காலம் வருவதற்கு முன்பே கூரை மூலையில் ஒரு மூங்கிலைக் கட்டி அதன் நுனியில் துணி கட்டிவிடுவோம். எங்களுடையது சிவப்பு. பக்கத்து வீட்டுக்காரர்களுடையது நீலம். அந்த வருடம் நீலத் துணி காற்றில் பறந்துபோய்விட்டதாம். கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கட்டினார்களாம். கிடைத்தது ஒரு சிவப்பு இடுப்புக் கச்சை. கட்டியது என் நாத்தனார் குனியே. அவர் பெட்டியில் வேறு நிறமே இல்லையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஆமாம், பக்கத்து வீடு என் நாத்தனாருடையதுதான். என் மாமனார் ஒரே தச்சரை வைத்து, ஒரே வருடத்தில், ஒரே அளவில் இரண்டு வீடு கட்டினார். ஒன்று மகளுக்கு, ஒன்று மகனுக்கு. ஆணி அடித்த இடம்கூட மாறாது. நடுவில் இருபது அடி இடம். அந்த இடத்தில், மகள் வீட்டு எல்லைக்குள், ஒரு பெர்சிமன் பழ மரம் நின்றது. அந்த மரத்தைத்தான் பதினோரு வருடத்துக்கு முன் எங்கள் கூரைப் பனி சரிந்து விழுந்து முறித்துப் போட்டது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் போய், "அத்தான், தெரியாம நடந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தை அவர் வாயில் வராது. அவர் வாயில் எந்த வார்த்தையுமே சுலபத்தில் வராது. மரத்தைப் பார்த்துவிட்டு, கூரைக்கு இவ்வளவு பக்கத்தில் யார் மரம் வளர்க்கச் சொன்னது என்றார். குனியே அண்ணியின் கணவர் தோமேஜி அண்ணா சும்மா இருப்பாரா? உன் வீட்டுப் பனி என் நிலத்தில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றார். விழுந்த இடத்துக்காரருக்குத்தான் பனி சொந்தம் என்று இவர் சொன்னார். ஏப்ரலில் ஏழு வீட்டுக்காரர்களும் கூடி இதை விசாரிக்க உட்கார்ந்தபோது, எடுத்துக்கொண்டு போகவேண்டிய பனி உருகி ஆற்றில் ஓடிவிட்டது. யாருடைய பனி என்ற கேள்வி மட்டும் உருகவில்லை.

அதன் பிறகு இரண்டு ஆண்களும் பேசிக்கொள்ளவில்லை. நானும் அண்ணியும் முள்ளங்கித் தோட்டத்தில் பார்த்துப் பேசிக்கொள்வோம், ஆனால் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிப்பதில்லை. அந்த வசந்தத்தில் என் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து ஒரு மரக்கன்று வாங்கிவந்து எங்கள் வீட்டுப் பின்னால் நட்டார். இது எதற்கு என்று கேட்டேன். நிழலுக்கு என்றார். வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊரில் நிழலுக்கு மரம் வைத்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். ஜனவரி கடைசி. ஊர் ஆண்கள் விடிந்ததும் கூடிக் கோயில் கூரையை வாரிவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். கண்ணுக்கு எதிரே நீட்டிய கை தெரியாத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழைந்து, போர்வை போட்ட கணப்பு மேசைக்குள் காலை நீட்டினால் பிறகு எழ மாட்டார். அது அவருக்கே தெரியும். அதனால் உள்ளே வராமல் நேராகக் கூரைக்குப் போய்விடுவார். சிவப்புத் துணி தெரிந்தது, ஏறிவிட்டார். இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதை முகட்டுக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கத்து ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டு, முன்பக்கச் சரிவை வாரத் தொடங்கினார். கம்பியும் அதே இடத்தில்தான் இருந்தது. தச்சர் அப்படிக் கட்டியிருந்தார்.

உள்ளே தோமேஜி அண்ணா கணப்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே மண்வெட்டிச் சத்தம் கேட்டதும், எழுபத்தைந்து வயதானவர்கள் வீட்டுக்குக் கூரை வார ஆள் அனுப்புவோம் என்று கிராம அலுவலகத்தில் சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இன்றைக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்துபோனார். குனியே அண்ணி அப்போதுதான் கழிப்பறைக்குள் போயிருந்தார். பத்து மணிக்குக் கூரைக்காரருக்குத் தேநீர் கொடுக்காவிட்டால் வீட்டு மானம் போய்விடும் என்று அண்ணாவே தண்ணீர் கொதிக்கவைத்து, தட்டில் முள்ளங்கி ஊறுகாய் நறுக்கி வைத்து, மாடி ஜன்னல் வழியாக வெளியே வந்தார்.

இனி நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போவது இந்த ஒரு விஷயத்தில்தான். என் வீட்டுக்காரர் முகத்தில் துண்டும் பனிக் கண்ணாடியும். அண்ணா முகத்திலும் அதே. அண்ணா தலை குனிந்து, இந்தப் பனியில் இவ்வளவு சிரமப்படுகிறீர்களே, எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்றார். என் வீட்டுக்காரர், துண்டுக்குள் இருப்பது நான்தான் என்று நினைத்தாராம். நாற்பத்தைந்து வருடத்தில் நான் இவருக்கு ஒருநாளும் தலை குனிந்து நன்றி சொன்னதில்லை. அது இவருக்கு உறைக்கவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தார். ஒரு துண்டு முள்ளங்கியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

கடித்ததும் தெரிந்துவிட்டது. என் கைப்பக்குவம் வேறு, அவர் அக்காவின் கைப்பக்குவம் வேறு. அக்கா தன் அம்மாவிடம் கற்றுக்கொண்டபடி முள்ளங்கி ஊறும் தவிட்டில் மிளகாயைக் கிள்ளிப் போடுவார். பதினோரு வருடமாக இவர் நாக்கு அதைக் கண்டதில்லை. வாயில் முள்ளங்கியோடு அப்படியே நின்றுவிட்டார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஆள் ஏன் சிலையாகிவிட்டார் என்று தோமேஜி அண்ணா தன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். இவரும் தூக்கினார்.

அப்போதுதான் கூரையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"என்னங்க, கதவு திறக்க மாட்டேங்குது."

எங்கள் ஊர்க் கழிப்பறைகளுக்கு வாடைக் குழாய் உண்டு. குழியிலிருந்து கிளம்பி, சுவரோடு ஏறி, கூரைக்கு மேல் ஆள் உயரத்துக்கு நிற்கும். உச்சியில் காற்றுக்குச் சுழலும் ஒரு மூடி இருக்கும். அந்த மூடியை இவர் காலையில் கயிறு கட்டப் பின்பக்கம் போனபோது மண்வெட்டியால் தட்டிவிட்டிருந்தார், குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அண்ணி கீழே முனகினாலும் மேலே கோயில் மணி மாதிரி கேட்டது.

கதவு ஏன் திறக்கவில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூரைமேல் பாரம் ஏறினால் தூண்கள் இறுகும், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவுகள் பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம் ஒரு பக்கத்தை மட்டும் வாரிவிட்டு மறுபக்கத்தை விடுவது. வீடு ஒரு பக்கமாகச் சாயும். முன்பக்கம் வழித்தெடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது, பின்பக்கத்தில் ஆள் உயரப் பனி. கழிப்பறை பின்பக்கம்.

நான் அந்த நேரத்துக்குத்தான் வெளியே வந்தேன். எங்கள் கூரையில் சத்தமே இல்லாமல் பக்கத்துக் கூரையில் சத்தம் கேட்டதால், மனிதர் எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று அடுப்பில் கிழங்கை வேகவிட்டுவிட்டு ஜன்னல் வழியாக இறங்கி ஓடிவந்தேன். வந்து பார்த்தால், இரண்டு கிழவர்கள் நடுவில் ஒரு ஊறுகாய்த் தட்டோடு நிற்கிறார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. குழாய் பேசிக்கொண்டிருக்கிறது.

"யாரு அங்க? சத்தத்தையே காணோம்" என்றது குழாய்.

நான்தான் சொன்னேன், அண்ணி, உங்கள் தம்பி தெரியாமல் உங்கள் வீட்டுக் கூரையில் பாதியை வாரிவிட்டார் என்று.  மீதியையும் வாரச் சொல், நான் எத்தனை நேரம் இங்கே உட்கார்ந்திருப்பது என்று குரல் வந்தது.

நியாயமான பேச்சு. ஆனால் தோமேஜி அண்ணாவுக்கு அதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் ஒருவர் உங்கள் கூரையை வாரினால், நீங்கள் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவரை தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மற்ற யாருக்குக் கடன்பட்டாலும் படலாம், மரத்தை முறித்தவனுக்கா கடன்படுவது? அண்ணா என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அந்தாளுகிட்ட சொல்லு. இந்த வேலைய நான் கேக்கல. வாரின பனிய இருந்த இடத்துலயே கொண்டுவந்து போடச் சொல்லு."

'அந்தாள்' நான்கு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். முள்ளங்கியை ஒருவழியாக விழுங்கிவிட்டு என்னிடம் சொன்னார்.

"மிசாவோ, போட முடியாதுன்னு சொல்லு. விழுந்த இடத்துக்காரருக்குத்தான் பனி சொந்தம்."

பதினோரு வருடம் அடைகாத்து வைத்த வாக்கியம். எத்தனை சுகமாகச் சொன்னார் தெரியுமா! எனக்கு அவரைக் கூரையிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

 தோமேஜி அண்ணா தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கீழே என்றால் ரொம்பக் கீழே இல்லை, கொட்டிய பனி கூரை விளிம்புவரை குவிந்திருந்தது. குவியல்மேல் நின்றுகொண்டு, பனியை வெட்டி வெட்டித் தன் கூரைமேல் திருப்பிப் போடத் தொடங்கினார். எழுபத்தாறு வயது மனிதர், தன் வீட்டுக் கூரைமேல், தானே பனி ஏற்றுகிறார். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து நாற்பத்தைந்து பனிக்காலம் பார்த்துவிட்டேன். வானத்தைத் தவிர வேறு யாரும் கூரைமேல் பனி போட்டுப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் அப்போதாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் வழித்துச் சுத்தம் செய்த தகரத்தின்மேல் ஒருவர் பனி போடுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. அது எதிராளி வீடு என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது, வேலை கெடுகிறது என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. அண்ணா மேலே போட்டதை இவர் கீழே தள்ளினார். இவர் தள்ளியதை அண்ணா மேலே போட்டார். அதே பனி, அரை மணி நேரம், மேலும் கீழுமாகப் போய்வந்தது. ஒரு கட்டியை எனக்கு அடையாளமே தெரிந்துவிட்டது, அதில் ஒரு மூங்கில் இலை ஒட்டியிருந்தது. ஏழு தடவை போய்வந்தது.

"அங்க என்னதான்டி நடக்குது?" என்று குழாய் கேட்டது.

நான் நடப்பதைச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.  கழிப்பறைக்குள் சின்ன மண்ணெண்ணெய்க் கணப்பு இருக்கிறது, குளிரில் விறைத்துவிட மாட்டார் என்று தெரியும். இருந்தாலும் எழுபத்துமூன்று வயதைக் கடந்தவர், எத்தனை நேரம் தாங்குவார்? பின்பக்கச் சுவர் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. வீடு சாய்கிற சத்தம். ஆண்கள் இருவரும் அதைக் கேட்டார்கள். மண்வெட்டிகள் நின்றன.

"இந்தாங்க" என்றது குழாய். புருஷனைக் கூப்பிடும் குரல். "கடன் வேணாம்னா உடனே திருப்பிக் குடுத்துருங்க. அவன் கூரையும் வாராமத்தானே கெடக்கு."

தோமேஜி அண்ணா முகம் தெளிந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்பதுபோல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இருபது அடி நடந்து, எங்கள் கூரையில் ஏறினார். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பக்கச் சரிவை வாரத் தொடங்கினார். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். எங்கள் கூரையில் வேலை சுமாராக இருந்துவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் இந்தக் கூரையிலிருந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றார். ஓரத்தில் கொஞ்சம் விடுகிறார் பார் என்று என்னிடம் கோள் சொன்னார். அண்ணா அந்த ஓரத்துக்கு வந்து, மரச்சுத்தியலால் விளிம்பில் தொங்கிய பனிக்கட்டிகளையும் தட்டி உதிர்த்தபோது வாயை மூடிக்கொண்டார். தான் இங்கே விளிம்பைத் தட்டவில்லை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவசரமாகச் சுத்தியலைத் தேடிப்போனார்.

பதினொன்றரை மணிக்குக் கணக்கு நேராகிவிட்டது. பாதிக் கூரைக்குப் பாதிக் கூரை. தோமேஜி அண்ணா முதுகை நிமிர்த்தி, இனி யாருக்கும் பாக்கி இல்லை என்று என்னிடம் அறிவித்தார்.

பாக்கி இல்லைதான். முதலில் ஒரு வீடு சாய்ந்திருந்தது, இப்போது இரண்டு வீடு. கிழங்கு நினைவு வந்து ஓடிப்போய் எங்கள் மாடி ஜன்னலை இழுத்தேன். அசையவில்லை. உள்ளே அடுப்பு எரிகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த இரண்டு கிழங்களுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பெண்கள் பட்டது போதாதா? ஒருத்தி உள்ளே போய் வெளியே வர முடியவில்லை, ஒருத்தி வெளியே வந்து உள்ளே போக முடியவில்லை. அதை, பக்கத்துக் கூரைக்குத் திரும்பி ஓடி, குழாய் வாயில் முகத்தை வைத்து அப்படியே சொல்லிவிட்டேன். வாடையைப் பற்றி அந்த நேரத்தில் யார் கவலைப்பட்டார்கள்.

மீதிப் பாதியை யார் முதலில் தொடங்குவது என்று ஆண்கள் அடுத்த சிக்கலைக் கண்டுபிடித்திருந்தார்கள். இவர் தொடங்கினால் அண்ணா மறுபடி கடன்காரர். அண்ணா தொடங்கினால் இவர் கடன்காரர். ஆளுக்கொரு கூரைமேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் மலையைப் பார்த்தபடி நின்றார்கள். மலை வேறு தெரியவில்லை, வெறும் வெள்ளை.

"அழாதடி" என்றது குழாய். பிறகு குரல் உயர்ந்தது. "டேய் செய்கிச்சி. என்னங்க, நீங்களும்தான். ரெண்டு பேரும் பின்பக்கம் போங்க. நான் எண்ணுவேன். ஒண்ணுன்னா வெட்டணும், ரெண்டுன்னா தள்ளணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. யாரும் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

போனார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, போனார்கள். குழாய் ஒண்ணு என்றது, இரண்டு கூரையிலும் மண்வெட்டி இறங்கியது. ரெண்டு என்றது, இரண்டு கூரையிலிருந்தும் பனி 'தொம்' என்று ஒன்றாக விழுந்தது. நடுவில் குழாய் எண்ணுவதை நிறுத்தும், இருவரும் நிற்பார்கள். இருமும், காத்திருப்பார்கள். என்னங்க, மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்று ஒரு முறை சொன்னது. அண்ணா உட்கார்ந்தார். இவரும் உட்கார்ந்தார். கோயில் பூசாரி சொன்னால்கூட இவ்வளவு அடக்கமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு கழிப்பறை இரண்டு வீட்டை நிமிர்த்தியது.

பனியும் கொஞ்சம் விட்டது. முதலில் எங்கள் ஜன்னல் திறந்தது. உள்ளே ஓடினேன். அடுப்பு தன்னால் அணைந்திருந்தது, கிழங்கு சட்டியோடு கரிந்திருந்தது. பரவாயில்லை. திரும்பி ஓடிவந்தபோது இரு ஆண்களும் தோமேஜி அண்ணா வீட்டு மாடி ஜன்னலருகே நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வெளியே தயங்கி நின்றார். பதினோரு வருடமாக நுழையாத வீடு. அவர் காலணியைக் கழற்றட்டும் என்று அண்ணா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். 

மூவரும் மாடிப்படி இறங்கி, கீழே இருட்டில், பின்பக்கம் போனோம். சமையலறைக் கதவு வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்தது. குளியலறைக் கதவும் அப்படியே. கழிப்பறைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

தோமேஜி அண்ணா இழுத்தார். என் வீட்டுக்காரர் இழுத்தார். அண்ணா கடப்பாரை கொண்டுவந்தார். மேல் கட்டையை நெம்பிக்கொண்டே, "மச்சான், அந்த மூலைய கொஞ்சம் தூக்கிப் புடி" என்றார். இவரும் "புடிச்சிட்டேன் அத்தான், நீங்க இழுங்க" என்றார். சொன்ன பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது, நேராகப் பேசிவிட்டோம் என்று. இருவரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள், நான்தான் இடையில் நின்று சொன்னேன் என்று ஆகிவிடாதா என்பதுபோல. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

கதவு இம்மியும் அசையவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து கதவிடுக்கில் பார்த்தேன். கதவு ஓடும் பள்ளத்தில், உள்பக்கம், ஒரு துடைப்பக்கட்டை குறுக்கே கிடந்தது.

"அண்ணி, கட்டையப் போட்டுருக்கீங்களா?"



"கதவு அப்பவே திறந்துருச்சு" என்றார். இப்போது குழாய் இல்லாததால் குரல் சின்னதாக, மனிதக் குரலாக இருந்தது. "பாதி எண்ணும்போதே. நான்தான் கட்டையப் போட்டேன்."

ஏன் என்று கேட்டார் தோமேஜி அண்ணா. கடப்பாரையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"பதினோரு வருஷமா இந்த வீட்டுல பேசறேன். முள்ளங்கித் தோட்டத்துல நின்னு பேசறேன். ஒரு பய கேக்கல. இன்னிக்குக் கக்கூஸ்ல உட்காந்து பேசினேன், ரெண்டு பேரும் சொன்னபடி கேட்டீங்க. வெளிய வந்தா மறுபடி கேக்க மாட்டீங்க. அதான், கொஞ்ச நேரம் இங்கயே இருக்கலாம்னு."

 நானும் நாற்பத்தைந்து வருடமாகப் பேசிக்கொண்டிருப்பவள்தான். எங்கள் வீட்டுக் கழிப்பறையையும் குழாயையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆண்கள் இருவரும் தலை குனிந்து நின்றார்கள். இந்த இடத்தில் யாராவது ஏதாவது சொல்ல வேண்டும்.  கடைசியில் என் வீட்டுக்காரர், வார்த்தையே வராத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, ஊறுகாயில உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

இதைச் சொல்லவா இத்தனை பாடு என்று நான் அவர் முழங்கையில் இடித்தேன். ஆனால் தோமேஜி அண்ணா சட்டென்று நிமிர்ந்தார், காணாமல்போன சாட்சி கிடைத்தவர் மாதிரி.

"நல்லா சொன்ன மச்சான். நான் பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேன், இவ ஒத்துக்கவே மாட்டேங்கறா."

துடைப்பக்கட்டை எகிறி விழுந்த சத்தம் கேட்டது. கதவு 'படார்' என்று ஓடிப்போய் மறுகோடியில் மோதியது. குனியே அண்ணி நின்றார். தலை கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது, கோபம் அப்படி ஒரு கோபம்.

"உப்பு தூக்கலா? காஞ்ச பெர்சிமன் பழத்தோல் போட்டாத்தான் தவிட்டுல இனிப்பு எறங்கும். அம்மா போட்டாங்க, நானும் போட்டுட்டிருந்தேன். தோலுக்கு மரம் எங்கடா? அந்த மரம் எங்க?"

 பதினோரு வருடத்துப் பேச்சு ஒரே கேள்வியாக வந்து நடுவில் நின்றது. என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீடு இருக்கும் திசையில் மோவாயை நீட்டினார்.

"பின்னாடி நிக்குது" என்றார். "அந்த வருஷமே வாங்கிட்டேன். கொண்டுவந்து குடுக்கறதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. அப்புறம் வேர் புடிச்சிருச்சு."

நிழலுக்கு என்று சொன்ன மரம். பழுத்து மூன்று வருடமாகிறது. பழத்தை நாங்கள் தின்றோம், தோலை நான் எருக்குழியில் கொட்டினேன். என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த மனிதரை என்ன சொல்வது.

எனக்கு உடனே வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பின்பக்கச் சரிவுப் பனி அத்தனையும் ஒன்றரை மணி நேரமாக அந்தப் பக்கம்தான் விழுந்திருக்கிறது. அந்த மரம் கூரையிலிருந்து ஆறடிகூடத் தள்ளி இல்லை. அண்ணா கொட்டிய வேகத்தை நானே பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கும் அதே நினைவு வந்துவிட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்தது. ஆனால் அதை அவர் கேட்க மாட்டார், கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நிற்பார்.

தோமேஜி அண்ணா அப்போதுதான் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பனிக்கு வைக்கோல் சுத்தி, நுனி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சே, அதுவா?" என்றார். "அது மேல படாமத்தான் போட்டேன். ஒவ்வொரு வெட்டையும் அந்தக் கோடிவரை தள்ளிட்டுப் போயி போட வேண்டியதாப் போச்சு, முதுகு போயிருச்சு."

அது என்ன மரம் என்று தெரிந்தா தள்ளிப் போட்டீர்கள் என்று அண்ணி கேட்டார்.

"வைக்கோலுக்குள்ள என்ன தெரியும்?" என்றார் அண்ணா. "மரம்னு தெரிஞ்சுது. அது போதாதா?"